கழட்டாமல் எடுத்த எடை

பிள்ளைச்சாவடிக்காரர்கள் ஆனந்தமேரிக்கு வைத்த பெயர் கலெக்டரம்மா. முதல் நாள் போனபோது, "நர்சிங் காலேஜ்லேருந்து வர்றேன், டேட்டா கலெக்டர்" என்று அவள் ஒரு வீட்டு வாசலில் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஒருவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டான். "ஏய், கலெக்டரம்மா ஓட்ட ஸ்கூட்டியில வந்திருக்காங்க, எல்லாம் எழுந்து நில்லுங்கடா" என்றான். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இருபது வருஷம் "ஏம்மா நர்சு" என்று ஏவல் கேட்டே பழகின காது அது.

முத்தியால்பேட்டைக்காரி அவள். பெரியப்பா வீட்டார் சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், அந்தக் காலத்திலேயே பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் அப்பா பஞ்சாலையில் நூல் சுற்றிக்கொண்டு இங்கேயே கிடந்தார். ஆலை இழுத்து மூடுகிற சமயத்தில்தான் மகளை இரண்டு வருஷ நர்ஸ் படிப்பில் சேர்த்தார். பெரிய படிப்பு இல்லை. ஆனால் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் ஓட்டினாள். கல்யாணம் நடந்தது. புருஷன் பிரான்சுவா பெயிண்ட் அடிக்கிறவன், சாரம் ஏறி இறங்கின கால் நேராக சாராயக்கடைக்குத்தான் போகும். ஈரல் வெந்து செத்தான். ஒரே பெண்ணைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்தாள். கொரோனாவில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியும் மூடிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளை இந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போனவள் மெரின். கோயிலில் பழக்கம். சின்னப் பெண், பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவள்.

வேலை கொடுத்தது நிர்மலாதேவி மேடம். நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளைத் தாய்மார்கள் நெஞ்சோடு, தோலோடு தோல் ஒட்ட, வைத்திருந்தால் எப்படி எடை ஏறுகிறது, அப்படி வைக்காத குழந்தைகளுக்கு எப்படி ஏறுகிறது என்று பார்ப்பதுதான் விஷயம். வீடு வீடாகப் போய் எடை எடுக்க இரண்டு பேர் வேண்டும். காலாப்பட்டுப் பக்கம் மெரின், பிள்ளைச்சாவடிப் பக்கம் ஆனந்தமேரி.

எடை எடுக்கிறதற்குப் போய் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார் மேடம். ஆனந்தமேரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. எத்தனை ஆயிரம் குழந்தையைத் தூக்கித் தராசில் போட்டிருப்பாள். ஆனால் மேடம் விடவில்லை. தினம் காலையில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்து மெஷினைச் சோதிக்கணும். தரை சமமாக இருக்கணும். ஒரு குழந்தையை மூன்று தடவை எடுக்கணும். ஒரே குழந்தையை இரண்டு பேரும் தனித்தனியாக எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகணும். எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தை உடம்பில் ஒரு பொட்டுத் துணிகூட இருக்கக்கூடாது.

"நாம மருந்து குடுக்கப் போகல. அளக்கப் போறோம். அளவு தப்பாச்சுன்னா நாம போனதே தப்பு" என்றார்.

துணியைப் பற்றிச் சொன்ன மேடம், வெள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு எடை எடுக்கிறபோது குழந்தை உடம்பில் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போய், பேர் வைத்து, சடங்கு முடிந்த பிறகுதான் வெள்ளி ஏறும். அரையில் அரைஞாண், கையில் காப்பு, காலில் தண்டை. அதோடு கோயிலில் மந்திரித்துக் கட்டின கறுப்புக் கயிறு. ஏழையோ பணக்காரனோ, கடன் வாங்கியாவது போட்டுவிடுவார்கள். போட்டதைக் கழட்டுவது என்பது அந்தத் தெருக்களில் நடக்கிற காரியம் இல்லை.

மெரினுக்குப் பேசத் தெரியாது. காலாப்பட்டில் நாலு வீட்டில் கழட்ட மாட்டோம் என்றார்கள். அவள் எடையே எடுக்காமல், மறுத்துவிட்டார்கள் என்று குறித்துவிட்டு வந்துவிட்டாள். கூட்டத்தில் மேடம் அவளைப் பிடிபிடி என்று பிடித்தார். "இத்தன இடம் வெத்தா விட்டா நான் எத வெச்சி கணக்குப் போடறது? ஆனந்தமேரியப் பாரு. ஒண்ணுகூட வெத்து இல்ல."

வெளியே வந்ததும் மெரின் கேட்டாள். "உங்க பக்கத்துல மட்டும் எப்படிக்கா எல்லாரும் கழட்டறாங்க?"

"பேசத் தெரியணும்டி. போனதும் மெஷின நீட்டுனா எவ கழட்டுவா" என்றாள் ஆனந்தமேரி.

யாரும் கழட்டவில்லை. அதுதான் உண்மை. இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தாள், முகம் சுளித்தார்கள், விட்டுவிட்டாள். அதற்குப் பதில் ஒரு வழி கண்டுபிடித்தாள். முத்தியால்பேட்டையில் தெரிந்த நகைக்கடை ஒன்றில், தங்கை பேரனுக்கு வாங்கின வெள்ளி அரைஞாண், காப்பு, தண்டை எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டுப் பார்த்தாள். நாற்பத்தைந்து கிராம் இருந்தது. அன்றிலிருந்து வெள்ளி போட்ட குழந்தையை அப்படியே மெஷினில் வைப்பாள், வந்த எண்ணில் நாற்பத்தைந்தைக் கழிப்பாள், எழுதுவாள். எல்லா வீட்டிலும் ஒரே வெள்ளி, ஒரே கழிவு. இதை மேடத்திடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற வேலையில் எதற்கு வாயைக் கொடுப்பது என்று அதுவும் தள்ளிப்போனது.

இப்படி இருக்கும்போதுதான் கலைவாணி வீடு வந்தது.

கடல் அரித்த பக்கம் கருங்கல் கொட்டியிருக்கும். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் இரண்டாவது வீடு. கலைவாணிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் ராஜா கடலுக்குப் போகிறவன். இரண்டு குழந்தை பிறந்து, இரண்டும் மண்ணுக்குப் போய்விட்டன. மூன்றாவதுதான் இவன். பிறக்கும்போது இரண்டே கால் கிலோ. இந்தத் தடவை மாமியார் சின்னப்பொண்ணு எந்த வம்பும் வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடனே முறத்தில் தவிட்டைப் பரப்பி, அதன் மேல் பேரனைக் கிடத்தி, எதிர்வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து திருப்பி வாங்கினாள். இது எங்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது, எமன் வந்தால் அந்த வீட்டில் போய்க் கேட்கட்டும் என்று. ஆஸ்பத்திரி கார்டில் ருத்ரேஷ் என்று இருந்தது. வீட்டில் கூப்பிட்டது பாவாடை என்று. குலசாமி பெயர்.

முதல் தடவை போனபோது சடங்கு ஆகவில்லை. இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு மட்டும். ஆனந்தமேரி எடை எடுத்தாள், பிறந்த எடைதான் இருந்தது. முதல் வாரம் குறைந்து திரும்ப ஏறுகிற காலம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் போனாள். வீடு சாம்பிராணி மணத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சாமிக்குச் சாத்தின மாதிரி இருந்தான். விரல் கனத்துக்கு அரைஞாண், அதில் உருண்டையாக ஒரு தாயத்து. கையில் கட்டிக் காப்பு. காலில் கட்டித் தண்டை. மற்ற வீடுகளில் போடுகிற தகடு மாதிரி வெள்ளி இல்லை.

"தாய்மாமன் போட்டது" என்றாள் சின்னப்பொண்ணு. "ஒரே தங்கச்சி. ரெண்டு போயி மூணாவதா நின்னிருக்கு. வாரி எறச்சிட்டான்."

ஆனந்தமேரி ஒரு வார்த்தை கேட்டுத்தான் பார்த்தாள். "ஒரே ஒரு வாட்டி கழட்டிட்டு எடுத்துடலாமாம்மா? அஞ்சு நிமிசம், உடனே போட்டுடலாம்."

"கலெக்டரம்மா, உங்க வேலைய நீங்க பாருங்க. கட்டுன அரைஞாண அவுத்துட்டு எட போடறதுக்கு இது இன்னா கறிக்கோழியா?"

வாசலில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆனந்தமேரியும் சிரித்தாள். குழந்தையை அப்படியே மெஷினில் வைத்தாள்.

எண் நின்றது. வழக்கமான கழிவைக் கழித்தாள். பிறகும் நூற்றைம்பது கிராமுக்குக் கிட்டே ஏறியிருந்தது. இந்த நாளுக்கு இதைப்போல இரண்டு பங்கு ஏறியிருக்க வேண்டும். ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான்.

கலைவாணி எட்டிப் பார்த்தாள். "கொறஞ்சிருக்காக்கா?"

"ஏறியிருக்குடி. மெதுவாத்தான் ஏறுது. ஏறுது."

"நெசமாவா?" கலைவாணி குரலை இறக்கினாள். "பால் சரியா குடிக்கலக்கா. சப்புறான். முழுங்குற சத்தமே கேக்கல. ரெண்டு சப்பு சப்பிட்டு கண்ண மூடிக்கிறான். தூக்குனா எனக்கு முன்ன மாதிரி கனமே தெரியல."

"வெள்ளி போட்டு இத்தன கனம் கனக்குது, கனமே தெரியலன்றா பாரு" என்றாள் சின்னப்பொண்ணு. "ரெண்டு போனதுலேருந்து இவளுக்கு இதே பிரமதாம்மா. தூங்குற புள்ளைய எழுப்பி மூக்குல கைய வெச்சி பாக்கறா. பைத்தியம் முத்திப்போச்சி."

"மெஷின் பொய் சொல்லாதுடி" என்றாள் ஆனந்தமேரி. "காலையில படிக்கல்லு வெச்சி சோதிச்சிட்டுத்தான் எடுத்துனு வர்றேன். உன் கை சொல்றத நம்புவியா, இது சொல்றத நம்புவியா?"

கலைவாணி மெஷினைப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. யாராவது ஒருத்தர் இப்படி அடித்துச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவளும் இருந்திருப்பாள்.

அன்று வண்டியில் திரும்பும்போது ஆனந்தமேரிக்கு மனசில் ஒன்றும் உறுத்தவில்லை. அந்த வெள்ளி கொஞ்சம் கனம் கூடத்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. கூட என்றால் எவ்வளவு, இருபது கிராம் கூட இருக்கும், அதனால் என்ன என்று விட்டுவிட்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பஸ் உரசிக்கொண்டு போனது. அதைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

இன்னும் இரண்டு வாரம் கழித்து, மழைக்கு நடுவில் மூன்றாவது தடவை போனாள். கல்லுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.

"அழவே மாட்டான்" என்றாள் சின்னப்பொண்ணு. "அப்படி ஒரு நல்ல புள்ள. இருக்கற எடம் தெரியாது."

ஆனந்தமேரி குனிந்து தூக்கினாள். தூக்கின வேகத்தில் வலது கால் தண்டை தானாகக் கழன்று சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. போனதடவை கணுக்காலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த தண்டை. யாரும் தொடாமல் கழன்றது. அவள் குழந்தையின் காலைப் பார்த்தாள். தொடைத் தோல் கிழவன் தோல்போல மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. உச்சியில் விரலை வைத்தாள், குழி விழுந்திருந்தது. உள்ளங்காலில் சுண்டினாள். குழந்தை வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

பாயில் உட்கார்ந்து அரைஞாண் முடிச்சில் கை வைத்தாள்.

சின்னப்பொண்ணு பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். "இன்னா பண்ற நீ? கைய எடு."

"எட எடுக்கணும்."

"இத்தன நாளு எப்படி எடுத்த? அப்படி எடு."

"விடுங்கம்மா."

"என் பேரன் மேலேருந்து கைய எடுன்றேன்."

கலைவாணி சுவரோரம் நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் மாமியாருக்கு எதிராக ஒரு சொல் சொன்னவள் இல்லை. "கழட்டுங்கக்கா" என்றாள். "அத்த, நீங்க கைய எடுங்க. நான் பெத்தவ சொல்றேன், கழட்டட்டும்."

ஆனந்தமேரி எல்லாவற்றையும் கழட்டினாள். குழந்தையை வைத்தாள். மூன்று தடவை எடுத்தாள். மூன்றும் ஒன்றுபோலத்தான் வந்தது. பிறந்தபோது இருந்ததைவிடக் குறைவு. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, கழட்டின வெள்ளியை அள்ளி அதே மெஷினில் வைத்தாள். இருநூறுக்கு மேல் வந்தது.

போனதடவை ஏறியிருக்கிறது என்று சொன்னது வெள்ளியின் கனத்தைத்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அன்றைக்குப் பிள்ளை ஒரு கிராம்கூட ஏறியிருக்கவில்லை. மெஷினும் பொய் சொல்லவில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள். மழையில் கடலுக்குப் போகாமல் இருந்த ராஜா ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தான்.

டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோனார்கள். மூக்கில் குழாய் விட்டுப் பால் இறக்கினார்கள். கிருமியும் சேர்ந்துகொண்டது என்றார்கள். இளவயது டாக்டரம்மா ஒருத்தி வெளியே வந்து, ராஜாவை நிற்க வைத்து விசாரித்தாள். உறிஞ்சவே தெம்பு இல்லாத பிள்ளை, ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தாக்கூட இப்படி விட்டிருக்க மாட்டோமே, வீட்டுல யாருமே எடை பாக்கலையா என்று கேட்டாள்.

"பாத்தாங்க மேடம்" என்றான் ராஜா. "இதோ, இவங்கதான் பாத்தாங்க. ஏறியிருக்குன்னாங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நாங்கள் கவனிக்காமல் விடவில்லை என்பதற்கு ஆனந்தமேரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் தடுப்பூசி விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது, ஆனந்தமேரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் தாண்டவில்லை. குழந்தை போய்விட்டான்.

சின்னக் குழந்தையை எரிப்பது கிடையாது. துணியில் சுற்றி ராஜா தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தான். ஆனந்தமேரி தெருமுனை வரை போனாள். அதற்கு மேல் அவளை விடவில்லை. "அரைஞாண அவுத்தா, உசுரு அவுந்துச்சி" என்று சின்னப்பொண்ணு மார்பில் அறைந்துகொண்டு அழுத சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. ராஜாவின் சித்தப்பா ஒருத்தர் வந்து, "நீ போம்மா. பொம்பளைங்க ஒரு மாதிரி இருக்காங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அரைஞாணை அவிழ்த்ததுதான் காரணம் என்று தெரு முழுக்க முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்த ஆனந்தமேரிக்கு ஒன்று பிடிபட்டது. அவிழ்த்ததற்குத் திட்டுகிறார்கள். அவிழ்க்காததற்கு யாரும் திட்டவில்லை. யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், மூடநம்பிக்கைக்காரர்களிடம் அகப்பட்டுப் பழி சுமந்த நர்ஸ் என்று கல்லூரியில் பரிதாபப்படுவார்கள். அப்படித் தப்பிக்க ஒரு சந்து திறந்துதான் இருந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கல்லூரிக்குப் போனாள். மேடத்தின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நகைக்கடை, கழிவு, சிரிப்பு, எதையும் விடவில்லை.

நிர்மலாதேவி கண்ணாடியைக் கழட்டி மேசை மேல் வைத்தார்.

"எத்தன வீடு?"

"என் பக்கத்துல சடங்கு ஆன வீடு எல்லாமே மேடம்."

"எல்லாத்துக்கும் அதே கழிவா?"

"அதே."

"வெத்தா விட்டிருக்கலாமே ஆனந்தமேரி. மெரின் விட்ட மாதிரி. வெத்தா இருந்திருந்தா ஏன் வெத்துன்னு நானே கெளம்பி வந்து பாத்திருப்பேன்." சொல்லிவிட்டு மேடமே தலையைக் குனிந்துகொண்டார். வெத்து இல்லை என்று நாலு பேர் நடுவில் யார் யாரைப் பாராட்டியது என்பது இரண்டு பேருக்குமே நினைவு இருந்தது.

அப்புறம் மேடம் வேலைப் பேச்சுக்கு வந்தார். எடுத்த எடை எல்லாம் போச்சு, ஆராய்ச்சிக் குழுவுக்கு நடந்ததை எழுதியாக வேண்டும். அது அப்புறம். முதலில் பிள்ளைச்சாவடியில் இருக்கிற ஒவ்வொரு குழந்தையையும் திரும்ப எடுத்தாகணும், உடனே, வெள்ளி இல்லாமல். மெரினையும் அழைத்துக்கொண்டு போ. கழட்ட மாட்டேன் என்றால் எனக்குப் போன் போடு, நானே வருகிறேன்.

"அந்தப் பொண்ணு வீட்டுல?" என்று கேட்டாள் ஆனந்தமேரி.

மேடம் யோசித்தார். "அங்க போவாத. இருக்கற துக்கத்துல இத வேற போய்ச் சொல்லி இன்னா ஆகப்போவுது. குழந்த திரும்பியா வரும்? மேற்கொண்டு என்ன செய்யணுமோ அத நாங்க பாத்துக்கறோம்."

நல்ல மனசோடு சொன்னதுதான். இரண்டாவது சந்து.

மறுநாள் காலை மெரினைத் தெருவின் அந்தக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, ஆனந்தமேரி நேராகக் கருங்கல் பக்கம் வண்டியை விட்டாள். சின்னப்பொண்ணு மீன் கூடையோடு போயிருந்தாள். ராஜா இல்லை. கலைவாணி வாசல்படிக்கு உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டிருந்தார்கள். பூ வாடின வாசமும் பால் புளித்த வாசமும் சேர்ந்து அடித்தது. ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. குடிக்க ஆள் இல்லாதபோது பால் ஊறிக்கொண்டிருந்தது.

ஆனந்தமேரி படிக்கு வெளியே குந்தினாள்.

"அக்கா" என்றாள் கலைவாணி. நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுவீங்களா?"

"கேளு."

"சடங்கு முடிஞ்சி வந்தீங்களே, அன்னிக்கு. ஏறியிருக்குன்னீங்க. நெசமாவே ஏறியிருந்தானா? அப்புறமாத்தான் எறங்கினானா?"

சொல்வதற்குத்தான் வந்தாள். "இல்ல" என்றாள். "ஏறல. வெள்ளியோட கனத்த புள்ள கனம்னு நெனச்சிட்டேன். கழட்டாம எடுத்தது என் தப்பு. நீ சொன்னதுதான் சரி. அவன் லேசாத்தான் ஆயிருந்தான்."

கலைவாணி நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?"

"பொழச்சிருக்கலாம்."

அழுவாள், அடிப்பாள் என்று ஆனந்தமேரி எதிர்பார்த்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் உட்கார்ந்திருந்தாள். கலைவாணி தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல" என்றாள்.

"இல்ல."

"எங்க வீட்டு ஆளுங்க சொன்னப்ப நான் நம்பல. நீங்க சொன்னீங்கன்னு நம்பினேன். அந்த ராத்திரி நிம்மதியா தூங்கினேன்க்கா. மூக்குல கைய வெச்சி பாக்காம தூங்கினேன்."

மன்னித்துக்கொள் என்று வந்த வார்த்தையை ஆனந்தமேரி விழுங்கினாள். அதைக் கேட்டு இவள் தலையில் இன்னொரு பாரம் ஏற்றுவது எதற்கு.

கலைவாணி வண்டியைப் பார்த்தாள். பின்னால் மெஷின் பை கட்டியிருந்தது. "இன்னும் எதுக்கு அத எடுத்துனு வந்தீங்க?"

"எல்லா புள்ளைக்கும் திரும்ப எடுக்கணும்."

"பக்கத்துல லட்சுமி புள்ளைக்கும் அப்படித்தான் எடுத்தீங்களா?"

"அப்படித்தான்."

கலைவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பச்சை உடம்பு. ஆனந்தமேரி கை கொடுக்கப் போனாள், தட்டிவிட்டாள். தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டு வாசலுக்கு எதிரே போய் நின்றாள். பிள்ளையைப் புதைத்த வீட்டுக்காரி கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள் போகக்கூடாது. அவள் நிழல்கூடப் படக்கூடாது என்பார்கள். படியிலிருந்து நாலடி தள்ளியே நின்றாள்.

"லட்சுமி. புள்ளைய எடுத்துனு வெளிய வா."

உள்ளேயிருந்து லட்சுமி எட்டிப் பார்த்தாள். கலைவாணியையும், பின்னால் நின்ற ஆனந்தமேரியையும் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடிக்கொண்டாள். "எதுக்கு?"

"எட எடுக்கணும். மேல போட்டது எல்லாத்தையும் கழட்டிட்டு எடுத்துனு வா."

"கழட்டித்தானே உன்..." லட்சுமி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கழட்டி சாவல" என்றாள் கலைவாணி. "கழட்டாமதான் செத்தான். இவங்களக் கேளு. இவங்க வாயாலயே சொன்னாங்க."

அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். லட்சுமி ஆனந்தமேரியைப் பார்த்தாள். எல்லாருமே அவளைத்தான் பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் ஆனந்தமேரி. "நான்தான் தப்பா எடுத்தேன்."

யாரோ காறித் துப்பினார்கள். "கலெக்டராம் கலெக்டரு" என்றது ஒரு ஆண் குரல். லட்சுமி அங்கேயே படியில் உட்கார்ந்து அரைஞாண் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கலைவாணி நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே போகவில்லை.

ஆனந்தமேரி மெஷினை எடுத்து வைத்தாள். தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துச் சமம் செய்தாள். குழந்தையை வாங்கி வைத்தாள். வீலென்று கத்தினது, காலை உதைத்தது. மூன்று தடவை எடுத்தாள். ஏறியிருந்தது. ஆனால் அவள் முன்பு சொல்லியிருந்ததைவிடக் குறைவு. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

தலையை நிமிர்த்தினபோது எதிரே நின்றவள் கலைவாணிதான். "எவ்ளோ இருக்குன்னா..." என்று ஆனந்தமேரி அவளைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க" என்றாள் கலைவாணி. "பெத்தவ அங்க இருக்கா."

சொல்லிவிட்டுத் திரும்பித் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனந்தமேரி லட்சுமி பக்கம் திரும்பினாள்.